கைமாற்று

என் நண்பர் ஒருவரின் பெண் சீனாவில் ஷாங்காய் நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். அந்த நகரத்தில் புதிதாகக் குடியேறும் அந்நியர்களுக்கென்று அவளுடைய கம்பெனிக்காரர்கள் ஒரு குறிப்புப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து எதைக் கண்டாலும் வாசித்துவிடும் பழக்கம் எனக்கு. மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடுவதில்லை. அதனால் அதையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துத் தீர்த்தேன்.

நல்ல புத்தகம்தான். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் விலாசத்தைப் போலீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர் பார்த்துக்கொள்வார், வீடு எடுத்துத் தங்கினால் நாமே போக வேண்டும். கீரை விற்கிறவளிலிருந்து டாக்ஸி ஓட்டுகிறவர் வரையில் எல்லாரும் செல்பேசி வழியாகவே காசு வாங்குகிறார்கள். ஆகையால் முதல் காரியமாக அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டு விலாசத்தைச் சீன எழுத்தில் எழுதி எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றிவைப்பது போல இருக்குமாம். யாருக்கும் கடிகாரம் பரிசளிக்கக் கூடாது. கடிகாரம் கொடுப்பதற்கும் கருமாதி செய்வதற்கும் அவர்கள் பாஷையில் உச்சரிப்பு ஒன்றே.

எல்லாம் பிரயோஜனமான விஷயங்கள். ஆனால் மூடி வைத்த பிறகு மனசில் ஏதோ நெருடியது. இருபது முப்பது பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் வரவே இல்லை! போலீஸ் வருகிறது, பாங்க் வருகிறது, ஆஸ்பத்திரி வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் உலை வைத்துக்கொண்டிருக்கிறதே, அது வரவில்லை. 'எனக்கு ஒரு கஷ்டமும் வராமல் நான் அங்கே எப்படி இருப்பது?' என்ற ஒரு கேள்விக்குத்தான் புத்தகம் முழுவதும் பதில். 'நான் வந்ததனால் அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது?' என்பதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில் இன்னொரு நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய பையனுக்கு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு மலைக் கிராமத்தில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. பையன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை, மாம்பலம். "நாவல் எழுதுகிறேன் என்று அந்த மலையில் எட்டு மாதம் போய் உட்கார்ந்திருந்தாயே, அங்கே போய் இருக்கிறவனுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுது" என்று கேட்டிருந்தார். சீனாவுக்குப் போகிறவளுக்குப் புத்தகம் இருக்கிறது. போளூரில் பஸ் மாறி மலை ஏறுகிறவனுக்கு யார் போட்டார்கள் புத்தகம்? நியாயமான கேள்விதான்.

ஸ்வெட்டர், டார்ச் லைட், ரப்பர் செருப்பு என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. மலையில் நான் பார்த்த இரண்டு பேர் வந்து குறுக்கே நின்றுகொண்டார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊர் பெயர் வேண்டாம். மூன்று வருஷம் அங்கே இருந்தவர். யோக்கியர், கடமை தவறாதவர். மலைக்கு மாற்றல் என்றதும் பாதிப் பேர் முதல் மாதமே கீழே இறங்கிவிடுவார்கள், அல்லது கீழே குடும்பத்தை வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் முகம் காட்டுவார்கள். இவர் அப்படி இல்லை, அங்கேயே தங்கினார். பொன்னி அரிசி மூட்டையாகக் கீழேயிருந்து வரும். காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, தைலம், மருந்து மாத்திரை, ஆணி, சுத்தியல் என்று அவர் வீட்டில் இல்லாத பொருள் கிடையாது. பிள்ளைகளுக்குத் தம் சம்பளத்திலிருந்து நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார். ஊரில் யாருக்காவது ஜுரம் என்றால் மாத்திரை கொடுப்பார். யாரிடமும் ஒரு துரும்பு வாங்கினதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். பெட்டி படுக்கையை ஜீப்பில் ஏற்ற டிரைவரும் அவரும்தான். ஊரில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. ஜீப் ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "நான் இவங்களுக்கு என்ன சார் குறை வெச்சேன்?" என்று கேட்டார். அவர் குரல் கம்மிப் போயிருந்தது.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி, எழுபது வயசு இருக்கும், வெற்றிலைக்கு வழியில்லாத நாளில் வெறும் பாக்கை மென்றுகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்டேன், ஏன் யாரும் போகவில்லை என்று. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை.

"அவருக்கு நம்மகிட்ட இன்னா வேணும்? ஒண்ணும் வேணாம். அப்புறம் இன்னாத்துக்கு அவரு வூட்டாண்ட போறது?"

இதில் கோபமோ வருத்தமோ இல்லை. வெயில் அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

இன்னொருத்தி ஒரு நர்ஸ். வேலூர்ப் பக்கத்துப் பெண். அவள் மலைக்கு வந்த கதையை ஊரே எனக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு பையும் ஒரு குடமும் எடுத்துக்கொண்டு மழையில் நனைந்துகொண்டு வந்து இறங்கினாளாம். முதல் நாள் சாயங்காலம் ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த வீட்டுக்குப் போய் "முறம் இருக்குமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். முறம் கொடுத்த பெண்பிள்ளை, இவள் புடைக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, தானே பிடுங்கிப் புடைத்துக் கொடுத்தாள். மறுநாள் நெருப்பு, அதற்கு மறுநாள் ஒரு கைப்பிடி புளி. இவள் வீட்டுக் குடத்தை அவர்கள் ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப் போய் நசுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்காக மூன்று நாள் சண்டை, பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் மறுபடியும் முறம். ஆறு வருஷம் கழித்து அவள் கீழே இறங்கியபோது, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு கூட்டம் போயிற்றாம். போனவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஊசி போட்டுக்கொள்ளப் பயந்து ஓடினவர்கள்!

வாத்தியார் கொடுத்தது நர்ஸ் கொடுத்ததைவிடக் குறைவல்ல. கணக்குப் பார்த்தால் அதிகமாகவே இருக்கும். வித்தியாசம் கொடுத்ததில் இல்லை. அவள் கேட்டாள், அவர் கேட்கவில்லை.

தமிழில் கைமாற்று என்று ஒரு சொல் இருக்கிறது. கடன் அல்ல. கடனுக்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு, வாய்தா உண்டு. கைமாற்றுக்கு எதுவும் இல்லை. ஒரு ஆழாக்குச் சர்க்கரை, ஒரு கரண்டி எண்ணெய், அவசரத்துக்கு ஐம்பது ரூபாய். வாங்கினது தலைதட்டி இருந்தால் திருப்பிக் கொடுப்பது கொஞ்சம் கோபுரமாக இருக்கும். சில சமயம் குறையும். யாரும் அளப்பதில்லை. அளந்து, வாங்கினதை வாங்கினபடியே அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டோடு ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். கணக்குத் தீர்ப்பது என்பது வீட்டைக் காலி பண்ணுகிறவன் செய்கிற வேலை. இருக்கப் போகிறவன் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பான்.

நம்முடைய வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். விருந்தாளியாக இருப்பது எப்படி என்பதற்கு அதிகாரம் ஒதுக்கவில்லை. இரவு என்று ஒன்றும் இரவச்சம் என்று ஒன்றும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஆனால் அவை ஏந்திய கையைப் பற்றியவை. சமமானவன் சமமானவனிடம், அல்லது இருக்கிறவன் இல்லாதவனிடம், 'முறம் இருக்குமா?' என்று கேட்பதைப் பற்றி அவை பேசவில்லை. படித்த நம்மைப் போன்றவர்களுக்கு இது மிகவும் கஷ்டமான காரியமாக இருக்கிறது. பிறத்தியாரிடம் கேட்காமல் வாழ்வதே மானம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த மானத்தை ஒரு மலைக் கிராமத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் அங்கே அது வேறு விதமாகப் படிக்கப்படுகிறது: 'உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.' ஒரு ஜனங்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய வசைகளில் இதைவிடக் கடுமையானது எனக்குத் தெரியவில்லை. அதைத் தர்மசிந்தனையோடு சொன்னாலும் வசை வசைதான்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். நானே எழுப்பிக்கொண்டது அது. மாதச் சம்பளக்காரன் ஒருவன், ஒரு வேளைக் களிக்கு அல்லாடுகிற குடும்பத்தில் போய்க் கையை நீட்டலாமா? அந்த மலையிடமிருந்து கீழ்நாட்டுக்காரர்கள் வாங்கினது போதாதா?

போதும். தாராளமாகப் போதும். அந்தக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜவ்வாது மலைக்காரர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வழங்குகிற பெயர். பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளைவிப்பார்கள். புளி, நெல்லிக்காய், கடுக்காய், தேன் என்று காடு கொடுப்பது வேறு. ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை. 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. நேற்று வரைக்கும் விறகு ஒடித்த காட்டுக்குள் காலை வைத்தால் குற்றம் என்றாயிற்று. யோசித்துப் பார்த்தால் அந்த மலைக்கு வந்த அந்நியர்களில் மிகப் பெரிய அந்நியன் சர்க்கார்தான். அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எல்லாம் என்னுடையது என்று எழுதிக்கொண்டான். அந்தக் கணக்கை ஓரளவாவது திருத்துவதற்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சர்க்காருக்குப் பின்னால் வியாபாரி வந்தான். அவன் கேட்டான், கேட்பதற்கு முன்னால் கொடுத்தான். அவன் கொடுத்ததற்குப் பெயர் முன்பணம். கல்யாணத்துக்கு, கருமாதிக்கு, வைத்தியத்துக்கு என்று கையில் திணித்துவிட்டுப் போவான். பிறகு புளி உலுக்கியதும் அவன் சொன்னதே விலை. முன்பணம் வாங்கினவன் தன் புளியை வேறு சந்தைக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. புளி போதாதபோது ஆளையே எடுத்துக்கொள்வார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காடு. சந்தனம் வெட்டத் தெரிந்த கைகளுக்குச் செம்மரம் வெட்டத் தெரியாதா? தரகர்கள் வந்தார்கள். 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் அந்தக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் செத்துப் போனார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், திருவண்ணாமலை மாவட்டத்தவர் பலர், ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. மரம் கடத்த வந்தவர்கள் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று மனித உரிமைக்காரர்கள் சொன்னார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே உட்காரவில்லை. அந்த 20 பேரும் ஓர் அந்நிய ஊருக்குப் போனவர்கள் என்பதை மட்டும் சொல்ல வருகிறேன். அவர்களுக்கு யாரும் குறிப்புப் புத்தகம் கொடுக்கவில்லை. போகிற இடத்தின் பாஷை தெரியாது. பக்கத்து வீடு கிடையாது. தெரிந்தவன் என்று சொல்ல அங்கே இருந்தவன், அழைத்துப் போன தரகன் ஒருவன்தான்.

முன்பணமும் கொடுக்கல் வாங்கல்தான். கைமாற்றும் கொடுக்கல் வாங்கல்தான். ஒன்று மனுஷனைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகிறது. மற்றொன்று பஸ் வரைக்கும் வந்து வழியனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? தொகையில் இல்லை. வட்டியில்கூட முழுக்க இல்லை. வட்டியில்லாத முன்பணமும் உண்டு. ரொம்ப நாள் இதை யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. முறம் கேட்டபோது அந்தப் பெண்பிள்ளை 'இல்லை போ' என்று சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த 'இல்லை'யைச் சொல்ல இடம் இருந்தால் அது கைமாற்று. இல்லாவிட்டால், எவ்வளவு சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது வேறு. முன்னாளில் மலைக்கு முகாம் வந்த அதிகாரிகள் கோழி கேட்பார்கள் என்று கிழவி சொன்னாள். "கேட்டாங்க" என்றுதான் சொன்னாள். அந்த ஊர்க்காரர்களில் யாராவது ஒருத்தர் அந்தக் கோழியை இல்லையென்று சொல்லியிருக்க முடியுமா?

ஆகையால் என் நண்பருடைய பையனுக்கு நான் சொல்கிற யோசனை அவ்வளவு சுலபமானதாக இல்லை. அவன் வாத்தியார். பிள்ளைகள் அவன் கையில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தகப்பன் அவனுக்கு 'இல்லை' சொல்வது கஷ்டம். அதனால் தேனும் நாட்டுக்கோழியும் கேட்க அவனுக்கு உரிமை இல்லை; விற்றால் காசாகிற எதையும் கேட்கக் கூடாது, வாங்கினால் சந்தை விலைக்கு ஒரு காசு குறைக்காமல் வாங்க வேண்டும். அவன் கேட்க வேண்டியது வேறு: வழி, ஒரு செடியின் பெயர், மழை எப்போது வரும் என்பது, கூரையில் ஓடு விலகினால் ஏறிச் சரிசெய்கிற ஒரு கை. இந்த விஷயங்களில் மலைக்காரன் செல்வந்தன், மாம்பலத்துப் பையன் பரம ஏழை. ஏழை செல்வந்தனிடம் கேட்பதில் என்ன தப்பு?

இந்த மலையில் குடியேறியவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு பழங்கதை இங்கே ஞாபகம் வருகிறது. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டன் துரையின் ஜாதி வரலாற்று நூலிலும் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டுவர ஏழு பேர் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் செத்ததாக வைத்துக்கொண்டு கருமாதி செய்துவிடுங்கள் என்று பெண்டாட்டிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனுஷர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. போன காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பினால் எல்லாருக்கும் கருமாதி ஆகிவிட்டது, பெண்டாட்டிமார் தாலி அறுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனைச் சேர்த்துக்கொள்ள ஊருக்குச் சாஸ்திரம் இல்லை. அந்த ஏழு பேரும் வேடர் குலத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு ஏறிவிட்டார்கள். அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்பது கதை.

இது சரித்திரமா என்று என்னைக் கேட்காதீர்கள். கதைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்தது, கதை எழுதாமல் விட்ட பகுதிதான். மலையேறின முதல் ராத்திரி அந்த ஏழு வேளாளர்களுக்கும் என்ன தெரிந்திருக்கும்? வயல் உழத் தெரியும். காட்டில் எந்தக் கிழங்கு விஷம் என்று தெரியாது. பெண்டாட்டியைக் கேட்டிருப்பார்கள். வேடர்களைக் கொன்றுவிட்டு வந்த கைகள் வேடர் வீட்டுப் பெண்ணிடம் கிழங்குக்கு நீண்டிருக்கும். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள், 'இல்லை' சொல்ல அவர்களுக்கு இடம் இருந்ததா என்பதைப் பற்றிக் கதை மூச்சுவிடவில்லை. அதை ஒருநாள் எழுத வேண்டும்.

சீனாவைச் சொல்லி ஆரம்பித்ததால் அங்கே குடியேறிய நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய்க்குத் தெற்கே சுவான்சௌ என்று ஒரு துறைமுகப் பட்டணம். மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று எழுதினது அதைத்தான். குப்ளாய் கான் ஆண்ட காலத்தில் உலகத்துப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கே தமிழ் வியாபாரிகள் இருந்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்ற ஒருவர் 1281-ல் அங்கே ஒரு சிவாலயத்தில் தெய்வத்தைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊரிலேயே கிடைத்தது. அரசருடைய அனுமதி பெற்றுச் செய்தது, அவருடைய நலத்துக்காகச் செய்தது என்று அதில் இருக்கிறது. தமிழ் எழுத்துக்குக் கீழே கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரி. வியாபாரியின் முகஸ்துதி என்று இதை ஒதுக்கலாம்; அதுவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்நிய ஊரில் நம்முடைய சுவாமியைக் கொண்டுபோய் வைக்கிறவன், 'கேட்டு வைத்தேன்' என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறானே, அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அந்தத் தமிழர்கள் பிறகு என்ன ஆனார்கள்? கோயில் இடிந்தது, தூண்களும் சிற்பங்களும் சிதறின. கையுவான் என்கிற பௌத்த ஆலயத்தின் பின்புறத் தூண்களில் நரசிம்மமும் கண்ணனும் இன்றைக்கும் இருக்கிறார்கள். பக்கத்தில் செடியான் என்ற கிராமத்தில் நம் நாட்டுச் சிற்பம் ஒன்றைச் சீனர்கள் தங்கள் தெய்வம் குவான்யின் என்று வைத்துக்கொண்டு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். எழுநூறு வருஷத்துக் கைமாற்று!

ஜவ்வாது மலைக்கே திரும்புகிறேன். ஆலங்காயத்துப் பக்கம் காவலூரில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானலில் மேகம் அதிகம் என்று, இரவு வானத்துக்குத் தோதான இடம் தேடி வைணு பாப்பு என்கிற விஞ்ஞானி அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு ஆரம்பம். 1972-ல் 102 சென்டிமீட்டர் ஆடியுள்ள ஒன்று வந்தது. 1986-ல் 234 சென்டிமீட்டர் ஆடியோடு ஒரு பெரியது திறக்கப்பட்டது, நிலையத்துக்கே அவர் பெயரும் வைக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று 1977-ல் உலகம் தெரிந்துகொண்டபோது அதற்குச் சாட்சி சொன்ன இடங்களில் காவலூரும் ஒன்று.

இந்த விஞ்ஞானிகள் மலைக்கு எதையும் கொடுக்க வந்தவர்கள் அல்ல. மலையிடம் இருந்த ஒரு பொருள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பொருள் இருட்டு. பட்டணங்கள் எல்லாம் இழந்துவிட்டதை, ஏழ்மையினாலேயே அந்த மலை வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த விஷயம் வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. மலைக்காரன் வீட்டில் மின்சார விளக்கு எரிவது நியாயம். அவன் தெருவிலும் எரிய வேண்டும். பாம்பு நடமாடுகிற பூமி. ஆனால் ஒவ்வொரு விளக்கும் எங்கோ ஒரு மங்கலான நட்சத்திரத்தை அழிக்கிறது. 'நாங்கள் யுரேனஸைப் பார்க்க வேண்டும், நீங்கள் இருட்டில் இருங்கள்' என்று யார் யாருக்குச் சொல்வது? சட்டம் போட்டுச் சொன்னால் 1882-ம் வருஷத்துக் கதைதான். கேட்கலாம்: விளக்கின் வெளிச்சம் வானத்தில் சிதறாமல் தரையில் விழும்படி மூடி போட்டுக்கொள்கிறீர்களா, அந்த மூடிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்று. அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொலைநோக்கி வழியாகச் சனிக் கிரகத்து வளையத்தைக் காட்டிவிட்டுக் கேட்டால் இன்னும் விசேஷம். தங்களுடைய இருட்டு என்ன விலை போகிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

பையனுக்கு எழுதின கடிதம் கடைசியில் இரண்டு பக்கம் வந்தது. ஸ்வெட்டரையும் டார்ச் லைட்டையும் அடிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை வழுக்கும் என்று எழுதினேன். சாமைச் சோறு முதல் வாரம் தொண்டையில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், இரண்டாவது வாரம் பொன்னி அரிசி மறந்துவிடும் என்று எழுதினேன். போனதும் ஊர்க்கவுண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற காரியம்; எந்தக் கோயில் பக்கம் செருப்போடு போகலாம், எங்கே கூடாது என்பதை அவரிடமே கேள் என்று எழுதினேன். கிழவன் கிழவிகள் உன்னை 'நீ' என்பார்கள், கலெக்டர் வந்தாலும் அப்படித்தான் சொல்லுவார்கள், முகத்தைச் சுளிக்காதே. பதிலுக்கு நீ அவர்களை 'நீங்க' என்று சொல், சிரிப்பார்கள், பரவாயில்லை. யாராவது வந்து ஒரு கைப்பிடி உப்பு கேட்டால் ஒரு கைப்பிடி கொடு, பாக்கெட்டோடு தூக்கிக் கொடுக்காதே. ராத்திரி யாராவது ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறது உன் கண்ணில் பட்டால், அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் வந்ததா என்று பார். வராவிட்டால் நீயே அந்த வீட்டுக்குப் போ. இதுவும் எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் கீழே, முறம் எடுத்துக்கொண்டு போகாதே என்று ஒரு வரி.

நாலு நாள் கழித்து டெலிபோன் வந்தது. பேசினது நண்பர் அல்ல, அவருடைய மனைவி. கடிதத்தை வீட்டில் எல்லாரும் வாசித்தார்களாம். பையனுக்கு வேண்டிய சாமானெல்லாம் கட்டி வைத்தாயிற்றாம், ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறதாம்.

"அதென்னங்க, முறம் வேண்டாம்னு எழுதியிருக்கீங்க? வாங்கினதே அவனுக்காகத்தானே, புதுசு. இல்லாட்டி பிள்ளை யார் வீட்டு வாசல்ல போய் நிப்பான்?"